உஸ்தாத் வீட்டு அடுப்படி

சீருடைக்குப் பின்னால் – 9

ஐப்பசி, கார்த்திகையில் வெலிங்டனில் துணி காயாது. மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறினால் மூடுபனியும் தூறலும்தான். கொடியில் போட்டது மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கும். மற்ற வீடுகள் பொறுத்துக்கொள்ளும். உஸ்தாத் வீட்டில் அது நடக்காது. காலையில் நாற்பது ரெக்ரூட்டுகள் முன்னால் போய் நிற்கிறவரின் சட்டை மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். பொத்தான் தளர்ந்ததற்குப் பையன்களை மைதானம் சுற்றி ஓடவிடுகிறவர், தாமே கசங்கிய சட்டையில் நிற்க முடியுமா?

"சோறு வடிச்ச கஞ்சிதானுங்க மொதல்ல போட்டுட்டு இருந்தேன். அது இவருக்குப் பத்தாது, தகரமாட்ட வெறைக்கோணும். அப்புறம் கடையில பாக்கெட்டு வாங்கிப் போட்டு, அடுப்புக்கு மேல கவுறு கட்டி ராத்திரி பூராத் தொங்கவிடுவேன். ஒரு நாளு சட்டையில புளிக்கொழம்பு வாசம் வந்துருச்சு தம்பி. அன்னைக்கு வெச்சாரு பாருங்க சண்டை!"

சொன்னவர் சூலூர்ப் பக்கத்து அக்கா. கணவர் சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பெயர் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவரை ரெக்ரூட்டுகள் 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிட வேண்டும். தேனிப் பையனுக்கும் கொல்லத்துப் பையனுக்கும் குண்டூர்ப் பையனுக்கும் அதே சொல்தான். டிரில்லுக்கு ஒருவர், ஆயுதத்துக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர் என்று தனித்தனி உஸ்தாத்கள் உண்டு. 1758-இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. தென்மாநிலப் பிள்ளைகள் பலர் இங்கேதான் சிப்பாயாகிறார்கள்.

பயிற்சி மைய வேலையை ராணுவக் கணக்கில் 'பீஸ் போஸ்டிங்' என்பார்கள். எல்லையில் இருந்துவிட்டு வருகிறவர் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருக்கலாம், பிள்ளைகள் அப்பா முகத்தைத் தினம் பார்க்கலாம் என்பது அதன் பொருள். நம் ஊர்ச் சொந்தபந்தங்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரிந்துவிடுகிறது: "இனி என்ன அம்மிணி, பஸ் ஏறுனா மூணு மணி நேரம். ஊட்டுக்காரரு பக்கத்துலயே வந்துட்டாரு!" எல்லைக்குப் போனவரைக் கல்யாணத்துக்கு வரவில்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெலிங்டனில் இருப்பவர் வராவிட்டால் சும்மா விடுவார்களா?

அக்காவின் நாத்தனார் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும், தாய்மாமன் சீர் வர வேண்டும். கொங்கு நாட்டில் இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. குறித்த முகூர்த்தமோ பையன்களின் துப்பாக்கிச் சுடும் தேர்வு வாரத்தில் விழுந்தது. அக்கா ஜோசியரிடம் போய், "கசம் பரேடு முடிஞ்சு ஒரு நல்ல நாளாப் பாருங்க" என்றாராம். அவர் என்ன பரேடு என்று விழித்திருக்கிறார். பயிற்சி முடிந்து ரெக்ரூட்டுகள் உறுதிமொழி எடுத்துச் சிப்பாயாகும் அணிவகுப்பு என்று விளக்கி, தேதியைத் தள்ளி வைத்து, நாத்தனாரின் கோபத்தையும் அக்காவே வாங்கிக்கொண்டார். சுபேதாருக்கு இதெல்லாம் பத்து வருஷம் கழித்து, நான் உட்கார்ந்து கேட்ட அன்றுதான் தெரியும். "நீ சொல்லவே இல்லையே?" என்றார். "சொல்லி?" என்றார் அக்கா.

உஸ்தாத் வீட்டு நாள் நாலு மணிக்கு முன்னால் தொடங்கும். சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு போட்ட கஷாயம் கொதிக்கும். டிரில் உஸ்தாதுக்குக் குரல்தான் கருவி; குளிரில் அது கம்மிப்போனால் அன்றைய பயிற்சி தடுமாறும். அந்தக் குரல் சாயங்காலம் வீட்டுக்குள்ளும் வரும். சாம்பாரில் உப்புக் குறைவு என்பதை அவர் மைதானத்தில் சொல்கிற சத்தத்தில் சொல்ல, நாலு வயது மகள் பயந்துபோய் 'சாவ்தான்' நிலையில் விறைத்து நின்றுவிடுவாளாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று சொன்னார். "தட்டைத் தொடாம எந்திரிச்சுட்டாருன்னா, ஏதோ ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு அர்த்தம். காலு ஒடிஞ்சிருக்கும், இல்லீனா தேற மாட்டான்னு முடிவாயிருக்கும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பிள்ளைகளக் கூட்டிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருவேன்." என்ன உதவி செய்தீர்கள் என்று நான் பலமுறை மாற்றி மாற்றிக் கேட்டதற்கெல்லாம் "நான் என்னங்க பண்ணினேன்" என்றவர், இதைச் சொன்னதும்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீரர்களின் முதல் அணிக்கு 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கியது. 10 வாரம் அடிப்படை, 21 வாரம் மேல்நிலை, ஆக மொத்தம் 31 வாரம். பதினேழரை வயதிலிருந்து வருகிற பிள்ளைகளை அதற்குள் சிப்பாயாக்க வேண்டும். அவசரமெல்லாம் உஸ்தாத் தலையில் என்றால், பாதி அவர் வீட்டு அடுப்படியில். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோருக்குக் கௌரவப் பதக்கம் அணிவிக்கிறார்கள். நல்ல வழக்கம், நான் பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் உஸ்தாதின் மனைவி யார் என்று யாருக்கும் தெரியாது.

அதிகாரிகள் வீட்டுக் கதை வேறு. 1947-இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதும் வெலிங்டனுக்கு வந்த ஸ்டாஃப் கல்லூரியில், பாடம் நடத்தும் 'டைரக்டிங் ஸ்டாஃப்' குடும்பங்களுக்கு விருந்து, வரவேற்பு, நலச் சங்கக் கூட்டம் என்று ஓயாத வேலை. 1966-இலிருந்து இயங்கும் ராணுவ மனைவியர் நலச் சங்கத்தால் தையல், கணினி வகுப்புகளிலிருந்து விதவையர் உதவி வரை நன்மை நிறைய. ஆனாலும் கணவரின் பதவி வரிசைப்படியே மனைவியரும் நாற்காலியில் உட்காரும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹவில்தார் மனைவி கூட்டத்துக்கு வருவார், கைதட்டுவார், போவார். அவர் சொல்ல வேண்டியது அப்படியே இருக்கும்.

பயிற்சிப் பணி பத்திரமான பணி என்ற பேச்சையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2021 டிசம்பர் 8 கோவைக்காரர்களுக்கு மறக்காது. சூலூரில் 11.48-க்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஸ்டாஃப் கல்லூரியில் உரையாற்ற முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போய்க்கொண்டிருந்தார். உடன் மனைவி மதுலிகா ராவத், அந்த நலச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். ஹெலிகாப்டர் வழியில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே போனார்கள். மிஞ்சிய ஒருவர் குரூப் கேப்டன் வருண் சிங். அவர் ஸ்டாஃப் கல்லூரியின் டைரக்டிங் ஸ்டாஃப்; விருந்தினரை அழைத்து வர மலையிறங்கிச் சூலூர் வந்தவர். கோளாறான போர் விமானத்தில் உயிர் பிழைத்துச் சௌர்ய சக்ரா விருது வாங்கியவர், பாடம் சொல்லும் பணியிலிருந்தபோது விபத்தில் சிக்கி, டிசம்பர் 15-இல் பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். விபத்துக்கு மறுநாள், 9-ஆம் தேதி, அன்று இறந்தவர்களின் உடல்கள் வெலிங்டனிலிருந்து சூலூருக்குப் போன வழியெங்கும் நம் மக்கள் நின்று பூத் தூவினார்கள்.

கோவைக்குள்ளேயே ரெட்பீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், மாலுமிகளுக்குத் தலைமைப் பயிற்சி தரும் ஐ.என்.எஸ். அக்ரணியும் இருக்கின்றன. புலியகுளம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அந்தச் சுவரை ஒட்டி எத்தனையோ முறை போயிருப்போம். உள்ளே இருக்கும் பயிற்றுநர்கள் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிவிடுவார்கள். மனைவி ஆசிரியையாகவோ கணக்கராகவோ இருந்தால் ஒவ்வொரு ஊரிலும் முதலிலிருந்து வேலை தேட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவர். இங்கே ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலுக்குப் போனபோது, "எங்கேயும் நிலையா இருந்ததில்லையே" என்று கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளியோ அலுவலகமோ மில்லோ நடத்துகிற கோவை வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் ஆறு ஆண்டில் மூன்று ஊர், மூன்று வேலை என்று இருந்தால், கோப்பை மூடுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். இரண்டு ஆண்டு மட்டுமே இருப்பார் என்றாலும் வேலை கொடுங்கள்.

(தொடரும்)