கரும்புத் தோட்டமும் அனைத்துலக நீதிமன்றமும்

கோப்பிப் பயிரை நம்பி நம் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களை விட்டு இலங்கை மலைகளுக்கு நடந்த காலத்திலேயே, வேறொரு கூட்டத்தார் சென்னையிற் கப்பலேறித் தென்னாபிரிக்காவின் நேட்டால் நாட்டுக்குச் சென்றனர். 'துரூரோ' என்னும் முதற் கப்பல் 1860 நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அங்கே கரும்பு, இங்கே கோப்பி, பின்னர் தேயிலையும் இறப்பரும். அவர்களை ஒப்பந்தச் சீட்டுக் கட்டியது; நம்மவரைக் கங்காணியின் கடன் கட்டியது. அக்கரும்புத் தோட்டத்து மரபிலே தோன்றிய ஒரு பெண்மணி, உலக நாடுகளின் நீதிமன்றங்களில் நீதிபதியாய் அமர்ந்தார். அவர் நவநீதம் பிள்ளை அம்மையார்.

1941 ஆம் ஆண்டு டர்பன் நகரில் பிறந்த அவருடைய தந்தையார் பஸ் சாரதி. ஒரு முறை தந்தையாரின் சம்பளப் பணம் களவு போயிற்று. ஆறு வயதுச் சிறுமியான நவநீதம் நீதிமன்றிலே சாட்சி சொன்னார். கள்வன் தண்டனை பெற்றான். பணமோ திரும்பி வரவில்லை. தண்டனை வேறு, நீதி வேறு என்பதை அவ்வயதிலேயே அவர் கண்டுகொண்டார்.

கல்வியில் வல்லவரான அப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பெற்றோரிடம் பொருளில்லை. அயலில் வாழ்ந்த ஏழை இந்திய மக்களே பணம் சேர்த்துக் கொடுத்தனர். சாதாரண தரத்தில் நன்கு தேறிய மாணவியரும் வறுமையால் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வேலைக்குப் போவதை எஹலியகொடைப் பக்கத்திற் பார்த்துவரும் எம் போன்ற ஆசிரியர்க்கு, அவருடைய பிற்காலப் பட்டங்கள் அனைத்தினும் இச்செய்தியே பெரிதாகப் படுகிறது. பின்னர், அரசியற் பணிக்காக அரசின் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகியிருந்த என். ரி. நாயக்கர் என்னும் சட்டத்தரணியிடம் அவர் தொழில் பயின்றார். ஆசானே சட்டத்தால் ஒடுக்கப்பட்டவராயின், மாணவி சட்டத்தின் இரு முகங்களையும் கற்றல் இயல்பே.

வெள்ளைப் பணியாளர் வெள்ளையரல்லாதவரின் கட்டளையை ஏற்கலாகாது என்று கூறி எந்த நிறுவனமும் அவரைச் சேர்க்கவில்லை. ஆகவே 1967 இல் நேட்டாலிலே தாமே ஓர் அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண்களுள் அங்கு அவ்வாறு செய்தவர் அவரே முதல்வர். 1971 இல் கணவர் தடுத்து வைக்கப்பட்டபோது, விசாரணையில் அவரைத் துன்புறுத்தலாகாது என நீதிமன்றத் தடை பெற்றார். 1973 இல் மண்டேலா முதலிய ரொபின் தீவுக் கைதிகள் சட்டத்தரணிகளைக் காணும் உரிமையையும் வென்றெடுத்தார். எனினும் 28 ஆண்டுத் தொழிலில் நீதிபதி ஒருவரின் அறைக்குள் நுழைய அவருக்கு அனுமதியில்லை. 1995 இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தமது சொந்த அறைக்கே முதன்முதலாக நுழைந்தார்.

அவ்வாண்டே ருவாண்டா நாட்டு இனப்படுகொலையை விசாரிக்கும் அனைத்துலக நீதிமன்றத்துக்கு அவர் தெரிவானார். அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி அவரே. 'தபா' என்னும் ஊரின் தலைவன் அக்கயேசு மீதான வழக்கின் முதற் குற்றப்பத்திரிகையில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. வேறொன்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகள் கெடுக்கப்பட்டதை இடையிலே கூறினாள். அம்மையார் அதனைக் கடந்து செல்ல விடவில்லை, மேலும் வினவினார். பிற பெண்களும் வாய் திறந்தனர். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 ஆம் நாள் வெளியான தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையே என வகுத்தது. போரிலே பெண்கள் கெடுதல் வழமைதானே எனப் பன்னெடுங்காலம் ஒதுக்கப்பட்ட ஒன்று, அன்றுதான் இனப்படுகொலைக் குற்றத்துள் இடம்பெற்றது. சாட்சியின் நாவில் உள்ளதெல்லாம் நீதிமன்ற ஏட்டில் ஏறுவதில்லை; வினவப்படுவதே ஏறுகிறது.

வானொலி நேயர்க்கு மற்றொரு வழக்கையும் சொல்லவேண்டும். ருவாண்டாவில் ஒலிபரப்பே மக்களைக் கொலைக்கு ஏவியது. அவ்வழக்கை அம்மையார் தலைமையில் விசாரித்த மூவருள் இலங்கையரான அசோக டி சொய்சா குணவர்தனவும் ஒருவர். 2003 டிசெம்பர் 3 இல் வானொலியாளர் இருவரும் பத்திரிகையாளர் ஒருவரும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். 2007 இல் மேன்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. ஆயின் கொலைக்குத் தூண்டும் ஒலிபரப்புக் குற்றமே என்பது நிலைத்தது.

தாம் பெற்ற உதவியை அம்மையார் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நேட்டால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றினார். கணவரால் அடியுண்ட பெண்களுக்கு ஆலோசனை நிலையமும் புகலிடமும் அமைய முன்னின்றார். 1992 இல் 'ஈக்குவாலிட்டி நவ்' என்னும் பெண்ணுரிமை அமைப்பை நிறுவியோருள் ஒருவரானார். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர் ஆணையாளராய் இருந்தபோது, 2013 ஆகஸ்டில் இலங்கைக்கும் வந்தார். அவருடைய தமிழ் வமிசத்தையே சிலர் குறையாகப் பேசினர். வடக்குக்குச் சென்று, காணாமற்போனோரின் உறவினரையும் சந்தித்த அவர், தாம் தென்னாபிரிக்கர் என்பதிற் பெருமை கொள்வதாக விடையிறுத்தார்.