கடைசிக் கம்பத்தின் பற்றரி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் குச்சவெளியைத் தாண்டிப் போனால் திரியாய். கிழக்கே கடல், மேற்கே வயலும் குளமும், அவற்றுக்கு அப்பால் காடு. வேளாண்மை கதிர் தள்ளிவிட்டால் யானைக்குப் பயந்து ராக்காவல் இருக்க வேண்டிய பூமி இது. 2019 முதல் 2023 வரை இலங்கையில் யானைகளால் ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இறந்த யானைகளோ ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேல்.

மின்வேலி போட்டாலும் யானை மரத்தைச் சாய்த்து அதன்மேல் போடும்; கம்பத்தைத் தள்ளி வீழ்த்தும். கம்பி எங்கே அறுந்தது என்பது விடிந்தபின் நடந்து பார்த்தால்தான் தெரியும். வேலி அறுந்ததும் எச்சரிக்கும் அமைப்பொன்றை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வடிவமைத்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள், மனிதக் காதுக்கு எட்டாத யானையின் தாழ்ந்த ஒலியைக் கொண்டு அது நிற்கும் இடத்தை அறியும் மலிவான கருவியை 2017இல் முன்வைத்தார்கள்.

காட்டோரத்தில் இத்தகைய கருவிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? கம்பங்களில் பொருத்தும் உணரிகள் பற்றரியை நம்பித்தான் இருக்கின்றன. அளப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். அளந்ததை வானலையில் அனுப்புவதுதான் பற்றரியைத் தின்றுவிடுகிறது. அதனால் சேதி எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் கருவியின் ஆயுள் இருக்கிறது.

இந்தக் கணக்கை 2000ஆம் ஆண்டில் தெளிவாகப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர்: வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகளின்படி, ஒரு பிட்டை அனுப்பவோ வாங்கவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல் ஆற்றல் வேண்டும். அதை 100 மீட்டர் தள்ளிவிட இன்னும் 1000. தூரம் பாதியானால் இந்த ஆயிரம் 250 ஆகிவிடும். ஆகவே நேரே அனுப்பினால் 1050. நடுவில் ஒரு கருவி வாங்கிக் கைமாற்றினால் 650. மிச்சம்தான். ஆனால் 5 மீட்டருக்கு ஒன்றாக இருபது கை மாற்றினால் 2000! கை கூடினாலும் நட்டம், குறைந்தாலும் நட்டம்.

‘லீச்’ என்ற அவர்களது முறையில் உணரிகள் குழுக்களாகப் பிரியும். குழுவின் தலைமை உணரி மற்றவற்றின் சேதிகளைத் திரட்டிச் சுருக்கித் தூரத்து நிலையத்துக்கு அனுப்பும். தலைமைக்குச் செலவு அதிகம் என்பதால் அந்தப் பொறுப்பு முறைவைத்து மாறும். பழைய முறைகளோடு ஒப்பிட்டால் செலவு எட்டில் ஒன்றுவரை குறையலாம் என்று கணினிப் பரிசோதனையில் கண்டார்கள்.

களத்தில் ஓர் எடுத்துக்காட்டு: கேரளத்து மூணாறில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைப்பகுதியில், அமிர்தா பல்கலைக்கழகம் மண்சரிவை முன்னறிய இருபது கம்பியில்லாக் கருவிகளை நிறுவி 2009 ஜூலையில் எச்சரிக்கையும் விடுத்தது. அங்கே சிக்கனம் வேறு வகை: மழை குறைந்தால் அளவீடும் குறையும், மழை வலுத்தால் கூடும்.

யானை வேலிக்கு லீச் முறை அப்படியே பொருந்தாது என்பதே என் கணிப்பு. அது பரந்த வெளிக்கு ஏற்றது. வேலியோ நீண்ட ஒற்றை வரிசை. முப்பது கம்பம் என்றால் முப்பதின் சேதியும் நிலையத்துக்கு அருகிலுள்ள கம்பத்தைத் தாண்டியே போகவேண்டும். அதன் பற்றரி தீர்ந்தால் மிச்ச இருபத்தொன்பதும் ஊமை. அந்தக் கம்பத்துக்குப் பெரிய சூரியத் தகடு வேண்டும். வேலியின் மறுமுனையிலும் சேதி வெளியேற ஒரு வாசல் வேண்டும். மற்றவை ஒன்றும் நடக்காத இரவில் பேசாமல் இருக்கலாம். நாளுக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்றால் போதும். வானொலிச் சுற்று சும்மா காதுகொடுத்துக் கொண்டிருப்பதும் செலவுதான். குறித்த நேரத்துக்கு விழித்து மறுபடி உறங்கவேண்டும்.

இப்போது லோரா என்ற அலைமுறையில் சிறு சேதியைச் சில கிலோமீட்டர் நேரடியாக அனுப்பலாம். ‘14ஆம் கம்பம் அறுந்தது’ என்பதற்கு அது தாராளம். ஆனால் அடர்ந்த மரங்கள் தூரத்தைக் குறைத்துவிடும்.

எந்த முறையானாலும் கிழக்குக் கரையில் அதை மாரியில்தான் சோதிக்கவேண்டும். வயல் காவலைக் கேட்கும் பெரும்போகத்திலேயே மேகம் மூடி, தகட்டில் வெயில் படாத நாட்கள் தொடர்ந்து வரும். பற்றரியின் அளவை அந்த நாட்களைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.