அரிசிப் பையைத் தூக்கத் தெரியுமா? ஒரு பயிற்றுநர் தேர்வின் அறிவியல்

தரையில் 10 கிலோ அரிசிப் பை இருக்கிறது. அதைத் தூக்கி மேசையில் வைக்கச் சொல்கிறார் அம்மா. நீங்கள் முழங்காலை மடக்காமல் குனிந்து, கைகளை நீட்டி எடுப்பீர்களா? அல்லது பைக்கு அருகில் சென்று, உட்கார்ந்து எழுவதுபோல் எடுப்பீர்களா?

இது வீட்டுவேலை பற்றிய கேள்வி மட்டும் அன்று. உடற்பயிற்சிப் பயிற்றுநர் ஆக விரும்புவோர் எழுதும் சான்றிதழ்த் தேர்வுகளுக்கும் இதுவே அடிப்படை. உட்கார்ந்து எழுதல், தரையிலிருந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல் ஆகிய அன்றாட அசைவுகளை வலுப்படுத்துவதே ‘செயல்பாட்டு உடற்பயிற்சி’. இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்ட கிராஸ்ஃபிட்டின் முதல் நிலைப் பயிற்சி இரண்டு நாள் நடக்கும். இறுதியில் பல்தேர்வுக் கேள்விகள் கொண்ட தேர்வு உண்டு. ஏ.சி.இ. என்ற அமெரிக்க அமைப்பின் தனிப் பயிற்றுநர் தேர்வில் 3 மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அதை எழுத 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிர்காக்கும் முதலுதவியான சி.பி.ஆர். சான்றிதழும் தேவை.

கட்டான உடல் இருந்தால் போதாதா, தேர்வு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இத்தகைய தேர்வுக்குப் படிப்பவர் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய மூன்று கேள்விகளைப் பார்ப்போம். உங்கள் அறிவியல் பாடம் அவற்றில் ஒளிந்திருப்பது தெரியும்.

முதல் கேள்வி: சுமை எங்கே இருக்க வேண்டும்?

10 கிலோ பையின் எடை ஏறத்தாழ 100 நியூட்டன். கைகளை நீட்டித் தூக்கும்போது பை உங்கள் கீழ்முதுகிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும்: 100 × 0.6 = 60 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்ய வேண்டியவை முதுகுத் தசைகள். ஆனால் அவை முதுகெலும்பின் அச்சிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. ஆகவே 60-ஐ 0.05-ஆல் வகுக்க வேண்டும். விடை 1,200 நியூட்டன்!

அதாவது ஒரு பையைத் தூக்க, முதுகுத் தசைகள் 12 பைகளின் எடைக்கு இணையான விசையுடன் இழுக்கின்றன. குனிந்த மேலுடலின் எடையை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. பையை உடலோடு ஒட்டி, 30 செ.மீ. தொலைவில் வைத்துத் தூக்கினால் அந்த விசை 600 நியூட்டனாக, அதாவது பாதியாகக் குறைகிறது. “எடையை உடலுக்கு அருகில் வை” என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இந்த நெம்புகோல் கணக்குதான்.

இரண்டாம் கேள்வி: ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூர் மாணவர்களுக்கு நாஃபா சோதனை தெரியும். அதில் 4 முறை 10 மீட்டர் ஓடும் விரைவோட்டமும் உண்டு, 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. முதலாவதில் அசத்தும் மாணவர் இரண்டாவதில் பின்தங்குவது ஏன்?

தசைகளுக்கு எரிபொருள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. தசையில் சேமிப்பாக இருப்பது சில விநாடிகளுக்கே போதும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கிறது. அதுவும் ஏறத்தாழ 10 விநாடிக் கடும் உழைப்பில் பெரிதும் குறைந்துவிடும். அடுத்து, பிராணவாயுவின் உதவியின்றிக் குளுக்கோஸ் சிதைக்கப்படுகிறது. ஏறக்குறைய 2 நிமிடம் வரையிலான கடும் முயற்சியில் இதன் பங்கு பெரிது. அதற்கும் மேல் நீளும் ஓட்டத்தில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் முறையே முன்னிற்கிறது. ஒன்றை வளர்த்தவருக்கு மற்றொன்று தானாக வளர்ந்துவிடாது. மலேசிய மாணவர்களின் செகாக் சோதனையில் 3 நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது இந்த மூன்றாவது முறையையே பெரிதும் சோதிக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று பலரும் விடை எழுதுவர். அது தவறு. உழைப்பில் உருவாகும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலி, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடும் அழற்சியோடும் தொடர்புடையது.

மூன்றாம் கேள்வி: எப்போது நிறுத்த வேண்டும்?

ஆறு மாதம் பயிற்சியை விட்டிருந்த ஒருவர் வருகிறார். “பழைய ஆள்தான் நான், முதல் நாளே 100 முறை கம்பியில் தொங்கி ஏறுகிறேன்” என்கிறார். பயிற்றுநர் என்ன செய்ய வேண்டும்?

இலண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் சிக்கி மீட்கப்பட்ட சிலர், முதலில் தேறுவதுபோல் தெரிந்து, சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் இதை ஆராய்ந்து 1941-இல் எழுதினர். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இடிபாடு இல்லாமலும் இது நேரலாம். பழக்கமில்லாத பயிற்சியை அளவுக்கு மீறிச் செய்தால் தசை சிதைந்து அதே புரதம் இரத்தத்தில் கலக்கும். இதன் பெயர் ராப்டோமயோலைசிஸ். கம்பியிலிருந்து மெல்ல இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது; இத்தகைய அசைவுகளில் சேதம் அதிகம். நம் ஊர் வெப்பமும் உடலில் நீர் குறைவதும் ஆபத்தைக் கூட்டும். கடும் வலி, வீக்கம், தளர்ச்சி, தே ஓ நிறத்தில் சிறுநீர் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவை ஓரிரு நாள் கழித்தும் தோன்றலாம். சிறுநீர் அந்த நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே சரியான விடை: அந்தப் ‘பழைய ஆளை’ச் சிறிய அளவில் தொடங்கவைத்து, வாரம் வாரமாக உயர்த்துவது.

எப்படிப் படிப்பது?

இவ்வளவையும் நினைவில் வைப்பது எப்படி? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தது. மற்றொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காடும், படித்தவர்கள் 40 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர்.

பயிற்றுநர் தேர்வுக்கு மட்டுமன்று, எஸ்.பி.எம்., ஜி.சி.இ. தேர்வுகளுக்கும் இது பொருந்தும். புத்தகத்தை மூடுங்கள், நினைவில் உள்ளதை எழுதுங்கள், பிறகு திறந்து திருத்துங்கள். ஓரிரு நாள் இடைவெளி விட்டு மீண்டும் செய்யுங்கள்.

இப்போதே தொடங்கலாம். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள். பிறகு சமையலறைக்குச் சென்று அந்த அரிசிப் பையைத் தூக்குங்கள். மறவாமல், உடலோடு ஒட்டி!