முதல் அடை நேராக இருக்கட்டும்

சட்டம் இல்லாமல், மேல்கட்டைகளை மட்டும் வரிசையாக அடுக்கிய பெட்டியில் இந்தியத் தேனீ வளர்க்கிறீர்களா? அப்படியானால் முதல் அடையைக் கவனியுங்கள். அதையொட்டித்தான் தேனீ அடுத்த அடையைக் கட்டும். ஒன்று கோணினால் அத்தனையும் கோணும். இரண்டு கட்டையில் சேர்ந்த அடையைத் தூக்கினால் பிய்ந்து, தேன் ஒழுகி, புழு நசுங்கும். எறும்பும் ஏறிவிட்டால் குடும்பமே பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும்.

இதற்கு என்ன செய்யலாம்? பெட்டியை மட்டம் பார்த்து வையுங்கள். தேனீ தூக்குக்குண்டு விட்டாற்போல் நேர் கீழே கட்டும். பெட்டி சாய்ந்தால் அடை பக்கத்துக் கட்டைக்கு அடியில் போய்விடும். கட்டையின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர் போதும். கட்டைகளுக்கு நடுவே சந்து கூடாது. அடிப்பக்கம் நடுவில் கூராகச் செதுக்கி, தேன்மெழுகு தேயுங்கள்.

புதுக் குடும்பத்தை வாரம் ஒரு தடவை பாருங்கள். லேசாக வளைந்த இளம் அடையை விரலாலேயே நேராக்கிவிடலாம். ரொம்பக் கோணியிருந்தால், ராணி அதில் இல்லையென்று பார்த்துக்கொண்டு அறுத்து, வாழைநாரால் கட்டையோடு நேராகக் கட்டுங்கள். சில நாளில் தேனீயே ஒட்டிவிடும். குடும்பம் பெருத்த பிறகு, புழு உள்ள இரண்டு நேரான அடைகளுக்கு நடுவே காலிக் கட்டை ஒன்றைச் செருகுங்கள். புது அடையும் நேராக வரும்.

முதல் மாதம் பட்ட பாட்டின் பலன் தேன் எடுக்கும்போது தெரியும்!