கைகழுவிய கனவான்கள்!

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர். விக்டோரியா அரசியார் ஆண்ட இங்கிலாந்திலே, அந்த மறுபிறப்புக் கிட்டாமலே மாண்ட தாய்மார் பல்லாயிரம்! சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிய அந்நாட்டிலே, ஏறத்தாழ 200 பேறுகளுக்கு ஒரு தாய் மடிந்தாள். பெரும்பங்கு, பிரசவக் காய்ச்சலால்.

பிள்ளை பெற்ற சில நாட்களிலே குளிர் நடுக்கம், வயிற்று வலி, அனல் போன்ற காய்ச்சல், பிறகு பிணம். கர்த்தரின் சித்தம் என்றனர் சிலர். கெட்ட காற்று என்றனர் சிலர்.

உண்மை என்ன? மான்செஸ்டர் நகரைக் கேட்போம். விக்டோரியா பட்டமேறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1830 டிசம்பரில், அங்கே தருமப் பிரசவ நிலையத்து மருத்துவச்சி ஒருத்தி, ஒரே மாதத்தில் 30 பெண்களுக்குப் பேறு பார்த்தாள். 16 பேருக்குக் காய்ச்சல். 16 பேரும் மாண்டனர். அதே மாதம், மற்ற மருத்துவச்சிகள் பார்த்த நூற்றுக்கணக்கான தாய்மாரில் ஒருவருக்கும் அந்நோய் இல்லை! அதே ஊர், அதே காற்று, அதே கர்த்தர். வேறாக இருந்தது கை ஒன்றுதான்!

அவளை நாம் ஏசவில்லை. அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? சொல்லவேண்டியவர்களுக்குத் தெரியாதா? 1795-லேயே அபர்தீன் மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன், நோயைச் சுமந்து சென்றவர்களில் தாமும் ஒருவர் என்று எழுதி வைத்தார். ஊரார் தூற்றினர். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆயிற்று. பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. எங்கள் கையிலா நஞ்சு என்று சீறினர்!

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், நைட்டிங்கேல் நிதியில் நடந்த பிரசவப் பிரிவு, இக்காய்ச்சலால் 1867-ல் மூடப்பட்டது. அந்த அம்மையார் ஒளிக்கவில்லை. கணக்கெடுத்தார், மருத்துவமனைப் பிரசவத்தைவிட ஏழையின் வீட்டுப் பிரசவமே ஆபத்துக் குறைந்தது என்று 1871-ல் நூலாக்கி உலகறியச் சொன்னார்.

மருத்துவச்சிக்குப் பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது எப்போது? 1902-ல்! அரசியார் கண்மூடிய மறு ஆண்டு!

கனவான்கள் கை கழுவவில்லை, தாய்மாரைக் கைகழுவினர்.

பேறுகாலத் தொற்றுக்கு உலகில் இன்றும் தாய்மார் பலியாகின்றனர். ஆகவே, எங்கே ஒரு தாய் மாண்டாலும், விதி என்று எவர் விளம்பினாலும், நாம் கேட்போம்: கணக்கு எங்கே? கை யாருடையது?