கூரையில் வெயில், குழாயில் வெந்நீர்

புக்கிட் பெருந்துங் தாமான்களில் வரிசை வீடுகளை அண்ணாந்து பார்த்தால், சில கூரைகளில் கறுப்புத் தகடும் அதன் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டியும் தெரியும். மின்சாரம் எடுக்கும் சோலார் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலில் தண்ணீரைச் சுட வைக்கும் சாதனம். "ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, போடலாமா?" என்று என்னிடம் கேட்கும் அண்டை வீட்டாருக்காக இந்தக் கணக்கு.

தோட்டத்து லயத்தில் விறகு எரித்தால்தான் வெந்நீர். தாமானுக்கு வந்ததும் சுவரில் மின் ஹீட்டர் ஏறிக்கொண்டது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் வெயிலைப் பிடிக்கிறார்கள். நமக்குக் குளிக்க மட்டும் போதும்.

தகட்டில் சூடான நீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் தகட்டுக்கு இறங்கும். இதற்குப் பம்பு வேண்டாம். 1891இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் விற்ற சாதனத்தில் நீர் இரவில் ஆறிவிடும். 1909இல் வில்லியம் பெய்லி வெப்பம் காக்கும் தொட்டியைத் தனியே மேலே வைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்.

இனி பணம். 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் 10 நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். ஐந்து பேருக்கு நாளுக்கு 3, மாதத்துக்கு 90 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தால் ஆண்டுக்கு 540 ரிங்கிட். சாதனம் 5,000 ரிங்கிட் என்றால் முதல் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். இருவர் மட்டுமுள்ள வீட்டில் 23 ஆண்டு! உங்கள் மின்கட்டண ரசீதின் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கவனியுங்கள். 180 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 180 கிலோ. கூரைச் சட்டம் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மழை நாளுக்கென உள்ளே ஒரு மின் கம்பி உண்டு. அதை எந்நேரமும் போட்டு வைத்தால் மிச்சம் போய்விடும். நல்ல வெயிலில் நீர் 60 பாகையைத் தாண்டலாம்; சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குளிர்நீர் கலந்து தரும் வால்வு அவசியம்.

என் கருத்து இதுதான்: பெரிய குடும்பம், உறுதியான கூரை, மர நிழல் இல்லாத இடம் என மூன்றும் அமைந்தால் தாராளமாகப் போடலாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சுவர் ஹீட்டரே போதும். தவணையில் தருகிறார்களே என்பதற்காக வாங்க வேண்டாம்.