உங்களுக்குத் தெரியுமா? – கரையாத சந்தேகங்கள்!

பிளஸ் ஒன் வேதியியலில் ‘கரைசல்கள்’ பாடம் தொடங்கியதுமே பல பள்ளிகளில் அது கணக்கு வகுப்பாகிவிடுகிறது. மோலாரிட்டி, மோலாலிட்டி, சூத்திரம், விடை, மதிப்பெண். கரும்பலகையில் சூத்திரம் ஏறும் முன்னே வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துவிடச் சில சங்கதிகள் இங்கே.

◆ கரைசல் என்றால் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 916 நகை ஒரு திண்மக் கரைசல். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. இங்கே தங்கம் கரைப்பான், செம்பு கரைபொருள். நாம் இழுக்கும் மூச்சுக்காற்றும் கரைசல்தான்.

◆ 50 மி.லி. தண்ணீரில் 50 மி.லி. எத்தனாலைச் சேர்த்தால் 100 மி.லி. வராது! அளவு ஜாடி 96, 97 என்றுதான் காட்டும். “சார், கொட்டிட்டீங்க” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். அதற்காகவே இரண்டு ஜாடிகளையும் கலப்பதற்கு முன்பு ஒருமுறை, கலந்தபின் ஒருமுறை சேர்த்து எடை போட்டுக் காட்டுங்கள். எடை குறைந்திருக்காது, குறைந்தது கனஅளவு மட்டுமே. நீர் மூலக்கூறுகளும் எத்தனால் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் இன்னும் நெருக்கமாக அடைந்துகொள்வதால் இடம் மிச்சமாகிறது. கலந்ததும் ஜாடி லேசாகச் சுடும். ஆறட்டும், பிறகு அளவைப் படியுங்கள். லிட்டரை நம்பும் மோலாரிட்டி இருக்கும்போது கிலோகிராமை நம்பும் மோலாலிட்டி எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல பதில் எந்தக் கைடிலும் கிடைக்காது.

◆ சூடாக்கினால் எல்லாமே கூடுதலாகக் கரையுமா? சர்க்கரை கரையும். 100 கிராம் நீரில் 20 டிகிரியில் சுமார் 200 கிராம். கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல். உப்பு இந்தப் பேச்சுக்கெல்லாம் மசியாது. அதே 100 கிராம் நீரில் 36 கிராம் கரைவது கொதிநிலையில் 39 ஆகும், அவ்வளவே. ஆகவே சூடான கரைசலை ஆறவைத்து உப்பை வடித்தெடுக்கும் வழி பலிக்காது. தூத்துக்குடியில் பாத்தி கட்டி வெயிலில் நீரை வற்றவைப்பதுதான் பலிக்கிற வழி. சுண்ணாம்போ நேர் எதிர்: சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சோதனைக்குழாயில் சூடாக்குங்கள். வாயால் ஊதாமலேயே கலங்கும்!

◆ பாட்டிலில் தேன் உறைந்துவிட்டால் உடனே ‘சர்க்கரைப் பாகு கலந்துவிட்டான்’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தேனே ஒரு மீதெவிட்டிய கரைசல். அதிலுள்ள நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. தாங்கும் அளவை மீறிக் கரைந்திருக்கும் குளுக்கோஸ், நாளாவட்டத்தில் படிகமாகப் பிரிகிறது. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

◆ கோலி சோடாவின் குண்டை மேலே அழுத்திப் பிடித்திருப்பது உள்ளேயிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம். குண்டைத் தட்டியதும் அழுத்தம் சரிகிறது, கரைந்திருந்த வாயு பொங்குகிறது. வில்லியம் ஹென்றி 1803-இல் சொன்ன விதிக்கு இதைவிட மலிவான ஆய்வகம் உண்டா?

◆ உலைநீரில் உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்பது வீட்டுக்கு வீடு நிலவும் நம்பிக்கை. உண்மையில் உப்பு கொதிநிலையை உயர்த்தும். ஆனால் ஒரு லிட்டர் நீரில் ஒரு டிகிரி ஏற்றவே 58 கிராம் உப்பு வேண்டும். அதில் வெந்த சோற்றை யாரும் சாப்பிட முடியாது!

◆ குல்ஃபி வண்டிக்காரரின் பானையில் வெறும் ஐஸ் மட்டும் இருந்தால் பால் கட்டியாகாது. வெறும் ஐஸ் 0 டிகிரியில் நின்றுவிடும். பாலிலோ சர்க்கரை கரைந்திருப்பதால் அது உறைய 0-க்கும் கீழே போக வேண்டும். ஐஸோடு உப்பைச் சேர்த்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும்.

◆ ஒரு கிலோ நீரில் ஒரு மோல் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை சுமார் 1.9 டிகிரி இறங்குகிறது. ஒரு மோல் உப்பு என்றால் ஏறக்குறைய இருமடங்கு. ஏன்? உப்பு நீரில் சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கரைசலில் எது இருக்கிறது என்பதைவிட எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதே உறைநிலைக்குக் கணக்கு. உப்புகள் கரைசலில் இப்படிப் பிரிகின்றன என்ற கொள்கைக்கு வித்திட்ட ஸ்வீடன்காரர் அர்ரீனியஸின் முனைவர் ஆய்வேட்டுக்கு 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரமே கொடுத்தது. 1903-இல் அவருக்கு நோபல் பரிசு! ஐஸ், உப்பு, சர்க்கரை, வெப்பமானி, இரண்டு சோதனைக்குழாய்கள் இருந்தால் இந்த வித்தியாசத்தை மாணவர்களே அளந்துவிடலாம். செய்முறைத் தேர்வில் வராது என்று தள்ளிவிடாமல் இந்த வருடம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள், ஆசிரியர்களே!